ஐந்து பேர், ஒரு கேம்பர் டிரெய்லர், ஒரு மாதம்: மெல்பர்னிலிருந்து உலுரு போய்வந்த ஒரு குடும்பத்தின் கதை

பின்னணி

மெல்பர்னின் மேற்குப் புறநகரில் இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் இது. கணவன், மனைவி, 13 வயது மகள், 9 வயது மகன், மதுரையிலிருந்து விசிட்டர் விசாவில் வந்திருந்த கணவரின் அம்மா. அம்மாவுக்கு வயது 67. முழங்கால் வலி உண்டு, சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார். குளிர்காலப் பள்ளி விடுமுறை இரண்டு வாரம், அதோடு பள்ளியில் சொல்லிவிட்டு இன்னும் இரண்டு வாரம் எடுத்தால் ஒரு மாதம் கிடைக்கும், அம்மாவும் ஊருக்குத் திரும்புவதற்குள் உலுரு என்ற பெரும்பாறை இருக்கும் ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியைப் பார்த்துவிடலாம் என்பதுதான் ஆசை.

குளிர்காலத்தைத் தேர்ந்தெடுத்தது சரி. ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் ஜூலை மாதப் பகல் 20 டிகிரி பக்கத்தில் இருக்கும், இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். கோடையில் அதே இடம் 40ஐத் தொடும், ஈத்தொல்லை வேறு. வயதானவரையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு டிசம்பரில் அந்தப் பக்கம் போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

கேம்பர் டிரெய்லர் செகண்ட் ஹேண்டில் வாங்கினார்கள். முன்பக்கமாக விரியும் வகை. மூடியைத் திறந்து முன்னால் மடக்கினால் மேலே பெரிய கட்டிலும் கேன்வாஸ் கூடாரமும் எழும்பும், பின்பக்கம் இருக்கும் சோபா இருக்கைகளைச் சேர்த்துப் போட்டால் இன்னொரு படுக்கை. காலியாக 1,050 கிலோ. சாமான் ஏற்றி அதிகபட்சம் 1,500 கிலோ வரை போகலாம் என்று தகட்டில் பொறித்திருந்தது. "சக்கர பேரிங் எல்லாம் சர்வீஸ் பண்ணியாச்சு" என்று விற்றவர் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லை. இது பிறகு வரும்.

எனக்கு இந்தக் குடும்பத்தைப் பல வருடமாகத் தெரியும், டிரெய்லர் இழுத்துப் பழக்கம் உண்டு என்பதால் திட்டம் போடும்போது கூப்பிட்டார்கள். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன், பெயர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் திட்டம்

கணவர் எக்செல்லில் 30 வரிசை போட்டு ஒவ்வொரு இரவுக்கும் ஒரு ஊரை நிரப்பி வைத்திருந்தார். மெல்பர்ன், அடிலெய்ட், கூபர் பீடி, உலுரு, ஆலிஸ், அப்படியே மேலே கேத்தரின், ககாடு, டார்வின், திரும்பி வரும்போது ஊட்நடாட்டா மண்பாதை. பார்க்க அழகாக இருந்தது, ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

மெல்பர்னிலிருந்து டார்வின் ஒரு வழி மட்டுமே சுமார் 3,750 கிலோமீட்டர். பக்கத்து இடங்களையும் சேர்த்தால் போகவர 9,000 தாண்டும். சாலையில் 110 என்று போட்டிருந்தாலும் டிரெய்லர் இழுக்கிற கார் 95, 100க்கு மேல் போகக்கூடாது, அப்புறம் டீ, கழிப்பறை, டீசல், பையன் பசிக்குது என்று நிற்கிற நேரம் எல்லாம் சேர்த்தால் சராசரி மணிக்கு 75 வந்தாலே பெரிது. 9,000ஐ 75ஆல் வகுத்தால் 120 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்று ஓட்டினாலும் முழுசாக 15 நாள் காருக்குள்ளேயே போய்விடும், அதுவும் மாட்டுவது கழற்றுவது சேர்க்காமல். இருட்டின பிறகு ஓட்டலாமே என்றால் அந்தச் சாலைகளில் அது ஆகாது. பொழுது சாயும் நேரத்திலும் விடிகாலையிலும் கங்காரு குறுக்கே பாயும், குளிர்காலத்தில் பகலே குறைவு.

மனைவிக்கு இந்தக் கணக்கைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. கணவருக்கு டார்வினை விட மனசு வரவில்லை. இரண்டு வாரம் இழுத்தது.

பயிற்சிக்குப் போன வார இறுதி

கிளம்புவதற்கு ஏழு வாரம் இருக்கும்போது, வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் ஒரு கேரவன் பார்க்கில் இரண்டு இரவு தங்கிப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் போக வேண்டும், எல்லாச் சாமானும் போக வேண்டும், சும்மா பிக்னிக் மாதிரி போகக்கூடாது என்பதுதான் நிபந்தனை. இந்தப் பயணத்தின் பெரும்பாலான முடிவுகள் அந்த இரண்டு இரவில்தான் உருவாயின, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தது சாயங்காலம் ஐந்தரைக்கு. விரித்து முடிக்க ஒன்றேகால் மணி நேரம் ஆனது, பாதி வேலை தலையில் கட்டும் டார்ச் வெளிச்சத்தில். பக்கவாட்டில் இணைக்கும் பெரிய கேன்வாஸ் அறை மட்டும் முக்கால் மணி நேரத்தைத் தின்றது. மறுநாள் மழை பெய்து தையல் வழியாகத் தண்ணீர் சொட்டியது. இது ஓட்டை இல்லை. முந்தின உரிமையாளர் அந்தக் கேன்வாஸை மாற்றியிருந்தார், புதுக் கேன்வாஸை இரண்டு மூன்று முறை நன்றாக நனைத்துக் காயவைத்தால்தான் நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும். அதை யாரும் செய்திருக்கவில்லை.

காலையில் பிரிட்ஜ் அணைந்து கிடந்தது. டிரெய்லரில் பேட்டரி இருந்தது, ஆனால் ஓடும்போது காரிலிருந்து அதற்கு சார்ஜ் ஏற்றும் கனமான ஆண்டர்சன் பிளக் வயர் காரில் இழுக்கப்படவே இல்லை. விளக்குக்கான பிளக் மாட்டியிருந்ததால் எல்லாம் இணைந்துவிட்டது என்று நினைத்திருந்தார்கள். அதே மாதிரி டிரெய்லரின் மின்சார பிரேக்கை இயக்க காருக்குள் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். அது இருந்தது, ஆனால் அளவு பூஜ்யத்தில் வைத்திருந்தது. ஆஸ்திரேலிய விதிப்படி சக்கரத்தில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்குப் பிரேக் கட்டாயம். அவர்களுடையதில் பிரேக் இருந்தும் வேலை செய்யாமல்தான் இரண்டு மணி நேரம் ஓடி வந்திருக்கிறது.

அம்மாவின் விஷயம்தான் முக்கியமானது. முதல் இரவு மேல் கட்டிலில் அவரைப் படுக்கச் சொன்னார்கள், நல்ல மெத்தை அங்கேதான் என்பதால். அவர் ஏணியைப் பார்த்தார். "ஏறிடுவேன்ப்பா, ராத்திரி ரெண்டு தடவை எந்திரிக்கணுமே, அப்ப எப்படி இறங்குவேன்?" என்று கேட்டார். கணவரிடம் பதில் இல்லை. அன்றிரவு அவர் காரின் முன் சீட்டைச் சாய்த்துப் போட்டுத் தூங்கினார்.

எடைமேடையில் தெரிந்தது

திரும்பும் வழியில் வேபிரிட்ஜ் எனப்படும் எடைமேடையில் ஏற்றச் சொன்னேன். கார் 2,000 கிலோ வரை இழுக்கும், டிரெய்லர் 1,500தானே, அப்புறம் என்ன என்பது கணவரின் எண்ணம். பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், கார் விற்கிறவர்களும் அந்த 2,000ஐ மட்டும்தான் பெரிதாகச் சொல்வார்கள்.

காருக்கென்று மொத்த எடை வரம்பு ஒன்று உண்டு, ஜிவிஎம் என்பார்கள். காருக்குள் இருக்கிற ஆட்கள், சாமான், கூரை மேல் கட்டியது எல்லாம் அதற்குள் வர வேண்டும். அதோடு டிரெய்லர் தன் கழுத்தால் காரின் கொக்கி மேல் அழுத்துகிறதே, அந்தப் பாரமும் காரின் கணக்கில்தான் சேரும். அந்த அழுத்தம் டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருப்பது நல்லது. ரொம்பக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டும், கூடினால் காரின் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிமானம் போகும்.

இவர்கள் காரில் ஏற்றக்கூடியது 620 கிலோ. ஐந்து பேர் 280, கொக்கி அழுத்தம் 150, கூரை ரேக்கும் அதன்மேல் கட்டியதும் 100, பிரிட்ஜ் 45, பின்னால் பைகளும் மற்றதும் 120. மொத்தம் 695. ஆக 75 கிலோ கூடுதல். டிரெய்லரும் தன் வரம்பைத் தாண்டி 1,540இல் நின்றது. இழுவை வரம்பான 2,000க்குள்தான் இருக்கிறது, ஆனாலும் இரண்டு வண்டியுமே அதிக பாரம். இப்படி ஓட்டி விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்பு உண்டு, போலீஸ் நிறுத்தினால் அபராதமும் வரும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் போனது டார்வின். எடைச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கணவர் தானாகச் சொன்னார், ஆலிஸோடு திரும்பிவிடலாம் என்று. மொத்தத் தூரம் சுமார் 6,000 கிலோமீட்டராகக் குறைந்தது. ஒரு நாளைக்கு 450க்கு மேல் ஓட்டுவதில்லை, மதியம் மூன்றரைக்குள் நிறுத்திவிட வேண்டும், எங்கே தங்கினாலும் முடிந்தவரை இரண்டு இரவு, மாதத்தில் நான்கு நாள் முழுக்கக் காலியாக விட வேண்டும் என்று வைத்துக்கொண்டார்கள். கூபர் பீடியிலிருந்து, உலுருவுக்குச் சாலை பிரியும் எர்ல்டண்டா வரை ஏறத்தாழ 490 கிலோமீட்டர், அந்த ஒரு நாளுக்கு மட்டும் விலக்கு. காலி நாள் என்றால் உண்மையிலேயே காலி, அதற்கு இடமும் புக் பண்ணக்கூடாது. கணவர் அதில் மெதுவாக ஏதாவது செருகப் பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி அந்த நான்கு கட்டத்தையும் சிவப்பாக்கி லாக் போட்டுவிட்டார்.

அடுத்தது சாமான். கூரை ரேக்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்தார்கள். பக்கவாட்டுக் கேன்வாஸ் அறை வேண்டாம், நிழலுக்கு வெறும் கூரைத்துணி போதும் என்று 35 கிலோ குறைந்தது, தினமும் முக்கால் மணி நேர வேலையும் குறைந்தது. பிள்ளைகளின் சைக்கிள், இரண்டாவது காஸ் சிலிண்டர் போயின. 20 கிலோ அரிசி மூட்டைக்கு மட்டும் வீட்டில் பெரிய வாக்குவாதம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பெரிய சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, கூபர் பீடியிலும் உலுருவுக்குப் பக்கத்து ஊரான யூலாராவிலும் கடை இருக்கிறது, அரிசி கிடைக்காத பாலைவனம் இல்லை அது என்று சொல்லி ஐந்து கிலோவாக்கினோம். மிக்சி போகவில்லை, அம்மா விடவில்லை, சரி இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி 80 லிட்டர், லிட்டருக்கு ஒரு கிலோ என்பதால் தார்ச்சாலையில் போகும்போது பாதிதான் நிரப்புவது, குடிக்க மட்டும் தனியாக இரண்டு கேன் என்று முடிவானது. மறுபடி எடை போட்டபோது கார் வரம்புக்கு 40 கிலோ கீழே, டிரெய்லர் 1,430, கொக்கியில் 140.

அம்மாவுக்குக் கீழே இருக்கும் சோபா படுக்கை, மற்ற நால்வரும் மேலே. வாசலில் கைப்பிடி வைத்த இரண்டு படி. மின் இணைப்புள்ள இடமாகவே பார்த்து ஒரு சின்ன ஹீட்டர். யூலாராவிலும் ஆலிஸிலும் குளிர் அதிகம் என்பதால் அங்கே அம்மாவுக்கும் பேத்திக்கும் ஒரு கேபின். கேபின் செலவைப் பார்த்து அம்மா மறுத்தார், ஆனால் மருமகள் புக் பண்ணிவிட்டுத்தான் சொன்னார்.

இன்சுலினை இரண்டாகப் பிரித்தார்கள். பயன்பாட்டில் இருக்கும் பேனாவை 30 டிகிரிக்குக் கீழான அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் வைக்கலாம், அது அம்மாவின் கைப்பையில். திறக்காத மிச்சம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், அது பிரிட்ஜில் ஒரு தனி டப்பாவுக்குள், உள்ளே ஒரு சின்னத் தெர்மாமீட்டரோடு. ஆண்டர்சன் பிளக்குக்கு எலக்ட்ரீஷியனிடம் வயர் இழுத்தார்கள். கேன்வாஸை வீட்டுப் புல்வெளியில் விரித்து மூன்று முறை ஹோஸால் நனைத்துக் காயவைத்தார்கள்.

மண்பாதைகளைப் பற்றியும் முன்பே பேசி வைத்தோம். கிங்ஸ் கேன்யனிலிருந்து ஹெர்மன்ஸ்பர்க் வழியாக ஆலிஸுக்குப் போகும் மெரீனி பாதை தூரம் குறைவு, ஆனால் அலை அலையாக மேடுபள்ளம் விழுந்த மண் சாலை, பூர்வகுடி நிலம் வழியாகப் போவதால் அனுமதிச் சீட்டும் வேண்டும். இந்த டிரெய்லரின் ஸ்பிரிங்குக்கு அது தாங்காது என்பது என் கருத்து. எர்ல்டண்டா வரை திரும்பி வந்து தார்ச்சாலையில் சுற்றிப் போவது என்று வைத்தார்கள். திரும்பும் வழியில் ஊட்நடாட்டா பாதை மட்டும் 'முடிந்தால்' என்ற குறிப்போடு தங்கியது. அந்தப் பாதை பிரியும் மார்லாவில் அது மூடியிருந்தால் காத்திருப்பதில்லை, நெடுஞ்சாலையிலேயே தெற்கே வந்துவிடுவது என்று அப்போதே பேசிக்கொண்டார்கள்.

சாலையில்

ஜூன் கடைசியில் கிளம்பினார்கள். மில்டுரா வழியாகப் போனதால் இரண்டாம் நாளே யாம்பா சோதனைச் சாவடி. பழ ஈ தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையாமல் இருக்க அங்கே பழம், தக்காளி, மிளகாய் எல்லாவற்றையும் வாங்கித் தொட்டியில் போடுகிறார்கள். ஆப்பிளும் ஆரஞ்சும் தெரிந்து முதல் நாளே தின்று தீர்த்திருந்தார்கள். பச்சை மிளகாயும் அந்தக் கணக்கில் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கால் கிலோ மிளகாய் போனது. அதிகாரி தன்மையாகத்தான் நடந்துகொண்டார், அறிவித்துவிட்டால் பிரச்சினை இல்லை.

போர்ட் ஆகஸ்டாவில் இரண்டு இரவு தங்கி ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் ஏறினார்கள். அங்கிருந்து டார்வின் வரை ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஒரே சாலை. 53.5 மீட்டர் நீளம் வரை போகும் ரோடு டிரெய்ன் லாரிகள் அதில் ஓடும். காரில் யுஎச்எப் ரேடியோ வைத்திருந்தார்கள். லாரிக்காரர்கள் 40ஆம் சேனலில் பேசுவார்கள், முந்தப்போகிறேன் என்று சொன்னால் இவர்கள் வேகத்தைக் குறைத்து இடம் விடுவார்கள். பையனுக்கு இதுதான் பயணத்திலேயே பிடித்த வேலை, தாத்தா மாதிரி கனத்த குரலில் "தேங்க்ஸ் மேட்" சொல்வான்.

ஒவ்வொரு முறை நிற்கும்போதும் டிரெய்லரின் இரண்டு சக்கர மையத்தையும் கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தேன். அந்த வேலை மகளுக்கு. போர்ட் ஆகஸ்டாவிலிருந்து சுமார் 175 கிலோமீட்டரில் பிம்பாவில் நின்றபோது அவள் வலது பக்கம் கையை வைத்தாள், இளஞ்சூடு. இடது பக்கம் வைத்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். ஜாக்கி போட்டுத் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் டொக் டொக் என்று ஆட்டம், சுற்றினால் கரகரவென்று சத்தம். பேரிங் போய்க்கொண்டிருந்தது.

கணவர் எனக்குப் போன் பண்ணினார். மூன்று வழி இருந்தது. கூபர் பீடிக்கு இன்னும் 360 கிலோமீட்டருக்கு மேல், அதில் கடைசி 250 கிலோமீட்டரில் பெட்ரோல் பங்க்கூடக் கிடையாது, பேரிங் சிக்கினால் சக்கரமே கழன்று போகும். திரும்பிப் போர்ட் ஆகஸ்டா போவதும் அதே ஆபத்துதான், தூரம்தான் பாதி. மூன்றாவது, ஆறேழு கிலோமீட்டரில் இருக்கும் வூமராவுக்கு மெதுவாக உருட்டிக்கொண்டு போய் அங்கேயே தங்கி, சுமார் 80 கிலோமீட்டரில் இருக்கிற சுரங்க ஊரான ராக்ஸ்பி டவுன்ஸிலிருந்து மெக்கானிக்கை வரவழைப்பது. மாற்று பேரிங் கையில் இருந்தது, ஆனால் கணவர் அதை மாற்றிப் பழகியதில்லை. மூன்றாவதை எடுத்தார்கள்.

மெக்கானிக் மறுநாள் மதியம்தான் வந்தார். பிரித்துப் பார்த்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து போயிருந்தது. 'சர்வீஸ் பண்ணியாச்சு' என்பது எந்தக் காலத்துப் பேச்சோ. அவர் இரண்டு பக்கமும் மாற்றினார், கணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து இரண்டாவது பக்கத்தை அவர் கையாலேயே செய்யவைத்தார். ஒரு காலி நாள் இங்கே செலவானது. வூமரா 1947இல் ராக்கெட் சோதனைக்காக உருவான ஊர், பழைய ராக்கெட்டுகளையும் ஏவுகணைகளையும் திறந்தவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அந்த நாள் வீணாகவே தெரியவில்லை. திட்டத்தில் அந்தக் கட்டம் நிரம்பியிருந்தால், முன்பணம் கட்டிய அடுத்த இடத்துக்காக மெதுவாகவே போய்விடலாம் என்று கணவர் ஓட்டியிருப்பார். அவரே சொன்னது இது.

யூலாராவில் இரண்டாம் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போனது. காலையில் தண்ணீர்க் குழாய் உறைந்து கம்பி மாதிரி விறைத்திருந்தது. பிரிட்ஜ் டிரெய்லரின் வெளிப்பக்க அறையில் இருந்தது. மருமகள் பல் துலக்குவதற்கு முன்பே டப்பாவைத் திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தார், 1 டிகிரி. பிரிட்ஜ் குளிராக்கத்தான் செய்யும், வெளியே அதைவிடக் குளிர் என்றால் அதனால் ஒன்றும் பண்ண முடியாது. உறைந்த இன்சுலினைப் பிறகு உருகவைத்தாலும் பயன்படுத்தக்கூடாது, தூக்கித்தான் போட வேண்டும். அன்றிலிருந்து அந்த டப்பா ராத்திரி கேபினுக்குள் போனது, பகலில் பிரிட்ஜுக்குத் திரும்பியது.

உலுருவில் ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் தடை, அந்த நிலத்துக்குரிய அனங்கு மக்கள் வெகுகாலம் கேட்டுவந்தது அது. அடியைச் சுற்றி 10 கிலோமீட்டர் நடக்கலாம். கணவரும் மகளும் நடந்தார்கள். அம்மா முட்டிட்ஜுலு நீர்நிலைக்குப் போகும் ஒரு கிலோமீட்டர் சமதளப் பாதையில் பேரனோடு மெதுவாகப் போய்வந்தார், முழங்காலுக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே மூன்று நாள் இருந்ததால் யாரும் யாருக்காகவும் அவசரப்பட வேண்டியிருக்கவில்லை.

கிங்ஸ் கேன்யனில் மெரீனி பாதையை முடித்துவிட்டு வந்த ஒருவர் டிரெய்லரின் உடைந்த ஸ்பிரிங்கைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாராம். அதைப் பார்த்த பிறகு வீட்டில் அந்தப் பேச்சு எழவில்லை. தார்ச்சாலையில் சுற்றி ஆலிஸ் போனார்கள். மேற்கு மெக்டொனல் மலைத்தொடரில் சிம்சன்ஸ் கேப், எல்லரி க்ரீக், ஆர்மிஸ்டன் கார்ஜ் மூன்றுக்கும் டிரெய்லரை ஆலிஸிலேயே விட்டுவிட்டுக் காரில் மட்டும் போய்வந்தார்கள். 2023இலிருந்து வெளிமாநிலக்காரர்களுக்கு வடக்குப் பிரதேசப் பூங்காக்களில் பாஸ் வேண்டும், அதை முன்கூட்டியே ஆன்லைனில் எடுத்திருந்தார்கள்.

மழை

ஆலிஸில் கடைசி நாள் மழை. பெரிய மழை இல்லை, ஆனால் ஊட்நடாட்டா மாதிரிக் களிமண் பாதைக்குச் சின்ன மழையே போதும். மார்லாவுக்கு வந்தபோது பாதை மூடல் பலகை போட்டிருந்தது. மூடிய பாதையில் ஓட்டினால் கடும் அபராதம், போனவன் உழுது வைத்த தடம் காய்ந்து கல்லாகி அடுத்தவன் வண்டியை உடைக்கும். நாளைக்குத் திறக்கலாம் என்று பெட்ரோல் பங்கில் ஒருவர் சொல்ல, கணவருக்கு ஆசை வந்துவிட்டது. மனைவி போனில் பழைய குறிப்பைத் திறந்து காட்டினார். பத்து நிமிடத்தில் தெற்கே கிளம்பிவிட்டார்கள். நெடுஞ்சாலைக்கும் மழை பயம் இல்லாமல் இல்லை, 2022 ஜனவரி வெள்ளத்தில் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையே அறுந்து சரக்குப் போக்குவரத்து நின்றது. ஆனால் அன்று அது திறந்திருந்தது.

மிச்சமான நாட்களை குவார்ன் வழியாக வில்பீனாவுக்குக் கொடுத்தார்கள். பிளிண்டர்ஸ் மலையில் மூன்று இரவு, திட்டத்தில் ஒரே இரவுதான் இருந்தது. ஊட்நடாட்டா பாதை போனதால் ஐர் உப்பு ஏரி கிடைக்கவில்லை என்ற குறையை வழியில் நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கும் ஹார்ட் ஏரி தீர்த்தது, வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி நடந்தால் போதும்.

விளைவு

எல்லோரும் நலமாகத் திரும்பினார்கள். 6,200 கிலோமீட்டர், சுமார் 930 லிட்டர் டீசல். இழுக்காமல் ஓட்டும்போது நூறு கிலோமீட்டருக்கு பத்தரை லிட்டர் குடிக்கிற கார், டிரெய்லரோடு எதிர்காற்றில் 16 வரை போனது. டீசல்தான் பெரிய செலவு, அடுத்தது கேபின். நான்கு காலி நாளில் ஒன்று பேரிங்குக்கு, ஒன்று அம்மாவுக்கு வயிறு சரியில்லாமல் ஆலிஸில், இரண்டு வில்பீனாவுக்கு. விரிக்கும் நேரம் கடைசியில் 20 நிமிடத்துக்கு வந்துவிட்டது, பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு வேலை பழகிப்போனது.

ஒத்துவராததும் உண்டு. மேல் கட்டிலில் நால்வர் என்பது படத்தில்தான் அழகு, இரண்டாம் வாரத்திலிருந்து மகள் அதைப் பற்றிப் பேசாத நாளில்லை. பள்ளி கொடுத்த பாடத்தில் பாதிதான் முடிந்தது.

அடுத்த முறை மாற்றுவது

வாங்குவதற்கு முன்பே காரின் ஏற்றுவரம்பைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற டிரெய்லரைத் தேட வேண்டும், இவர்கள் செய்தது தலைகீழ். பழைய டிரெய்லர் என்றால் விற்பவர் என்ன சொன்னாலும் பேரிங்கைப் பிரித்துப் புதுக் கிரீஸ் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அரை நாள் வேலை அது. இதைப் பயிற்சிப் பட்டியலில் சேர்க்காமல் கையால் தொட்டுப் பார்ப்பதோடு விட்டது போதவில்லை. யூலாராவுக்கு ஜூலையில் போவதாக இருந்தால் பல மாதம் முன்பே இடம் பிடிக்க வேண்டும், இவர்களுக்குக் கேபின் கிடைத்தது யாரோ ரத்து செய்ததால்.

மகளுக்கு ஒரு தனிச் சின்னக் கூடாரம் எடுத்துப் போகலாம் என்று பேச்சு. நாலு கிலோதான் வரும், மிக்சியை விட்டால் அதற்கு இடம் இருக்கிறது என்கிறார் கணவர். அம்மா இப்போது மதுரையில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறார்.